வேலி எங்கே? காவல் எங்கே?

பன்றிக்கு ஒரு தலையங்கமா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நாட்டிலே நாலாயிரம் பிரச்சினைகள் நிற்கும்போது, சேற்றிலே புரளும் பிராணிக்கு இத்தனை பத்திகளா என்று கேலி பேசக்கூடும். பேசட்டும்! சேற்றிலே புரள்வது பன்றி. ஆனால் அந்தப் பன்றியை விற்றுத்தான் ஒரு தகப்பன் பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டுகிறான். ஒரு தாய் மகளுக்குத் தாலிப்பொன் வாங்குகிறாள். அவர்கள் வீட்டு அடுப்பு அணையுமானால் அது பன்றிச் செய்தியல்ல, பாட்டாளியின் செய்தி. பாட்டாளியின் செய்திக்கு இந்த ஏட்டிலே என்றும் இடமுண்டு.

வந்திருக்கும் வினையின் பெயர் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 1921ஆம் ஆண்டில், கென்யா நாட்டிலே கண்டதை வைத்து முதன்முதலாக விவரித்து எழுதப்பட்ட நோய். பன்றிக்குக் கடுங்காய்ச்சல் காணும், தீனி மறுக்கும், காதும் வயிறும் சிவக்கும், சில நாட்களிலே சாயும். ஒரு பட்டியிலே புகுந்தால் ஒன்றிரண்டோடு நிற்பதில்லை. பட்டியையே துடைத்துவிட்டுத்தான் போகும். தீர்க்கும் மருந்து இல்லை. தடுப்பூசியை 2023ஆம் ஆண்டிலே வியட்நாம் நாடு விற்பனைக்கு அனுமதித்தது என்பது உண்மை. ஆனால் அதை நம்பி வேலியைப் பிரித்துப் போடும் நாள் நமக்கு வரவில்லை.

ஒன்றை முதலிலேயே உரத்த குரலில் சொல்லிவிடுகிறோம். இந்த நோய் மனிதனைத் தொடாது. பன்றியோடு பழகுகிறவனையும் தொடாது; இறைச்சியை உண்கிறவனையும் தொடாது. ஆகவே பீதி வேண்டாம். பன்றி வளர்ப்பவனைக் கண்டு ஒதுங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஏற்கனவே ஒதுக்கப்பட்டவனை நோயின் பேரால் இன்னொரு முறை ஒதுக்கும் கொடுமை இந்த மண்ணிலே நடக்கலாகாது.

மனிதனைத் தொடாத நோய்க்கு மனிதன் ஏன் அஞ்ச வேண்டும்? அதைப் பரப்புகிறவனே மனிதன் என்பதால்! பன்றிக்குச் சிறகில்லை, கடவுச்சீட்டும் இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் இந்த நோய் தாண்டியது மனிதனின் மூட்டையிலே ஏறி, மனிதனின் கப்பலிலே ஏறி, மனிதனின் விமானத்திலே ஏறி.

1957ஆம் ஆண்டு. போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பன். அப்போது ஆப்பிரிக்காவின் அங்கோலா அவர்கள் ஆதிக்கத்திலே இருந்தது. விமானத்திலே மிஞ்சிய உணவு, விமான நிலையத்துக்கு அருகே இருந்த பன்றிகளுக்குத் தீனியாயிற்று. தட்டிலே மிஞ்சிய சில துண்டுகள்! அவற்றோடு ஆப்பிரிக்காவின் நோய் ஐரோப்பாவிலே இறங்கிற்று. பன்றிகளைக் கொன்று அணைத்தார்கள். 1960இலே மீண்டும் புகுந்தது. பக்கத்து நாடான ஸ்பெயினையும் பிடித்தது. விரட்டி முடிக்க ஸ்பெயினுக்கு ஆன காலம் 30 ஆண்டுகளுக்கும் மேல். விட்டதா அத்தோடு? 2025 நவம்பரிலே பார்சிலோனா நகருக்கு அருகே காட்டுப்பன்றிகளிடம் மறுபடியும் தலைகாட்டிற்று. எச்சில் தட்டை எங்கே கொட்டுவது என்ற சின்னக் கேள்விக்கு விடை தவறினால், ஒரு தலைமுறை விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு லிஸ்பன் சாட்சி.

2007இலே கருங்கடல் ஓரத்து ஜார்ஜியா நாட்டிலே நோய் இறங்கியது. அங்கும் பழி விழுந்தது, போத்தி துறைமுகத்திலே கப்பல்கள் இறக்கிய உணவுக் கழிவின்மீது. ஜார்ஜியாவிலிருந்து ரஷ்யா, ரஷ்யப் பக்கமிருந்து 2014இலே லித்துவேனியா, போலந்து. 2018 ஆகஸ்டிலே சீனா. உலகப் பன்றிகளிலே ஏறத்தாழப் பாதியை வளர்க்கும் நாடு அது! அடுத்த ஆண்டிலே வியட்நாம், கம்போடியா, பிலிப்பைன்ஸ், மியன்மார் என்று வரிசையாக வீழ்ந்தன. வியட்நாமிலே மட்டும் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60 லட்சம் பன்றிகள் அழிந்தன.

அண்டை வீடு எரிகிறது என்று அறிந்தபின்னும் நம் வீட்டுக் கூரையிலே தண்ணீர் தெளிக்க யாருக்கும் தோன்றவில்லை. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் பன்றிகள் சாகத் தொடங்கின. இந்த நோய்தான் என்று போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடம் உறுதி சொன்னபோது மே மாதம். அதற்குள் பிரம்மபுத்திரா ஆற்றிலே பன்றிப் பிணங்கள் மிதந்து வந்தன! காசிரங்காக் காட்டுப்பன்றிகளைக் காக்க அவசர அவசரமாகப் பள்ளம் வெட்டினார்கள். 2021இலே மிசோரத்திலே பல்லாயிரம் பன்றிகள் மாண்டன. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்குப்படி இந்தியாவிலே இருந்த பன்றிகள் சுமார் 90 லட்சம். அவற்றிலே ஏறத்தாழப் பாதி வடகிழக்கு மாநிலங்களிலே. ஆகவே நோய் விழுந்தது பயிர் ஓரத்திலே அல்ல, நடுக்களத்திலே.

வடகிழக்கு எங்கே, தமிழகம் எங்கே என்று அன்றைக்குச் சொன்னவர்கள் உண்டு. 2022 ஜூலையிலே கேரளத்து வயநாட்டிலே, மானந்தவாடிப் பக்கத்துப் பண்ணைகளிலே நோய் உறுதியாயிற்று. அதற்கடுத்து நம் வீட்டு வாசலே! 2023 ஜனவரியிலே நீலகிரி மாவட்டத்து முதுமலைப் புலிகள் காப்பகத்தில், தெப்பக்காட்டுப் பக்கத்திலே காட்டுப்பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து விழுந்தன. மாதிரி, வடக்கே பரேலி வரை போய் வந்தது. இதே நோய்தான் என்று தீர்ப்பு வந்தது. முதுமலைக்கு அந்தப் பக்கம் கருநாடகத்துப் பந்திப்பூர், இந்தப் பக்கம் கேரளத்து வயநாடு. மூன்று மாநிலங்களுக்கும் கோடு கிழித்தவன் மனிதன். காட்டுப்பன்றிக்கு அந்தக் கோடு தெரியாது.

மலைப்பக்கம் இப்படி என்றால் கடல்பக்கம் எப்படி? 2024 அக்டோபரிலே இலங்கையிலும் இந்த நோய் உறுதி செய்யப்பட்டது. சென்னையிலிருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் பறக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023இலே கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. உறவின் பாலம் அது. வாழ்த்துகிறோம், வளரட்டும் என்கிறோம். ஆனால் பாலத்திலே மனிதன் மட்டுமா வருகிறான்? அவன் மூட்டையும் வருகிறது.

இனி, இடர் எவ்வளவு என்று அளந்து பார்ப்போம். இடரை அளப்பது சோதிடமல்ல. கால்நடை நலத்துக்கான உலக அமைப்பு இதற்கு வகுத்துள்ள முறை, மூன்று எளிய கேள்விகளிலே அடங்கும். நோய் உள்ளே நுழையுமா? நுழைந்தால் இங்குள்ள பன்றியின் வாய்வரை எட்டுமா? எட்டினால் இழப்பு எவ்வளவு?

தியாகராய நகரிலே நின்று இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். தியாகராய நகருக்கும் பன்றிக் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம், பனகல் பூங்காவிலே பன்றியா மேய்கிறது என்று சிரிக்கலாம். பன்றி மேயவில்லை, ஆனால் பாதை இங்கே தொடங்குகிறது. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பட்டும் பொன்னும் வாங்க வருகிறவர்களிலே கொழும்புத் தமிழர் உண்டு. கோலாலம்பூர்த் தமிழர் உண்டு. சிங்கப்பூர்த் தமிழர் உண்டு. நம் இரத்தம், நம் விருந்து. விருந்தினரை வைவது தமிழன் வழக்கமல்ல. ஆனால் பெட்டியிலே பதப்படுத்திய பன்றி இறைச்சிப் பொட்டலம் ஒன்று, யாரும் தீங்கு நினையாமலே வந்து சேர்ந்தால்? உப்பிட்டாலும், உறைய வைத்தாலும், இந்தக் கிருமி இறைச்சிக்குள்ளே மாதக்கணக்கிலே உயிர் தரித்திருக்கும். பாதி தின்று, மீதியைக் குப்பைத் தொட்டியிலே போட்டால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: நுழையும்!

இரண்டாம் கேள்வி, எட்டுமா? இந்த நகரத்துக் கலியாண மண்டபங்களிலும் ஓட்டல்களிலும் நாள்தோறும் மிஞ்சுவது கொஞ்சமா? பந்தி முடிந்து, பாயைச் சுருட்டியபின், பின்வாசலிலே தகர டிரம்களிலே எச்சில் ஏறுகிறது. புறநகர்ப் பட்டிகளிலே பன்றிக்குத் தீனியாகிறது. ஊரறிந்த செய்தி இது. இதிலே இழிவு ஒன்றுமில்லை. நாம் எறிவதை அவன் பொருளாக்குகிறான், அவ்வளவே. இங்கேதான் அளவுகோல் தேவை. சாம்பார் சாதத்திலே இந்தக் கிருமி இல்லை, பாயசத்திலும் இல்லை. சைவப் பந்தியின் எச்சிலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது பன்றி இறைச்சி சமைக்கும் அடுக்களையின் கழிவும், விமானத்துக் கழிவும், கப்பலின் கழிவும் அந்த டிரம்மிலே சேருவதைக் கண்டு. சேர்ந்தாலும் வழியுண்டு. 90 டிகிரி வெப்பத்திலே, கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் வேகவைத்தால் கிருமி மாளும். உலக அமைப்பின் விதியே இதைச் சொல்கிறது. விறகு வாங்கவே வக்கில்லாதவனிடம் இதை யார் சொன்னது? சொன்னால் அடுப்பு யார் கொடுப்பது?

தைவான் தீவு செய்ததைக் கேளுங்கள். விமானத்திலே பன்றி இறைச்சி கொண்டு வந்தவனுக்கு அவர்கள் பணத்திலே 2 லட்சம் அபராதம் போட்டார்கள். ஆண்டுக்கணக்கிலே நோய் அண்டவில்லை. ஆயினும் 2025 அக்டோபரிலே தைச்சுங் பகுதியில், சமையற் கழிவைத் தீனியாக்கிய பண்ணை ஒன்றிலே நோய் தலைகாட்டிற்று. வாசலிலே இரும்புக் கதவு போட்டவன் வீட்டிலேயே அடுக்களைச் சன்னல் வழியாகத் திருடன் நுழைந்தான் என்றால், வாசலிலே திரைச்சீலை மட்டும் தொங்கும் வீட்டின் கதி என்ன?

வாசல் யாருடையது என்று கேட்க வேண்டிய இடம் இது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டுங்கள். துறைமுகத் தொற்றுத் தடுப்பு, மத்தியப் பட்டியலிலே 28ஆவது இனம். மாநிலங்களுக்கு இடையிலான தொற்றுத் தடுப்பு, அதே பட்டியலிலே 81ஆவது இனம். கால்நடை நோய்த் தடுப்போ மாநிலப் பட்டியலிலே 15ஆவது இனம். ஒரு மாநிலத்திலிருந்து மறு மாநிலத்துக்கு நோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலிலே 29ஆவது இனம். சுருங்கச் சொன்னால் வாசல் டில்லியிடம், வீடு நம்மிடம், வேலி இருவரிடமும்! வாசலிலே நோய் நுழைந்தால் டில்லியைத் தட்டிக் கேட்க நமக்கு அதிகாரமில்லை. வீட்டுக்குள்ளே பன்றி செத்தால் மட்டும் பொறுப்பு நம் தலையிலே. சாவியை அவர்கள் வைத்துக்கொண்டு, களவுக்கு நம்மைக் கணக்குக் கேட்கும் ஏற்பாடு இது.

டில்லியைக் குறை கூறிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளவில்லை. கோட்டையிலே யார் கொலுவிருந்தாலும், 15ஆவது இனம் மாநிலத்தின் பொறுப்பு. கூடலூர்ச் சோதனைச் சாவடியிலே லாரிச் சக்கரத்துக்குக் கிருமிநாசினி தெளிப்பது, பத்திரிகையிலே செய்தி வரும் வாரத்திலே மட்டும் நடக்கும் சடங்காக இருக்கக் கூடாது.

டில்லி இன்னொரு பாடமும் படித்திருக்கிறது. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு இந்தியா 2007இலே தடை போட்டது. அமெரிக்கா 2012இலே உலக வர்த்தக அமைப்பிலே வழக்காடிற்று. 2014இலே தீர்ப்பு இந்தியாவுக்கு எதிர். 2015இலே மேல்முறையீட்டிலும் எதிர். காரணம்? தடைக்கு அடிப்படையாக முறையான இடர் மதிப்பீடு இல்லை. வெளிநாட்டுப் பொருளுக்கு ஒரு கோல், உள்நாட்டுப் பொருளுக்கு வேறு கோல் என்று அளந்திருக்கிறீர்கள் என்றார்கள். வல்லரசுக்காக வாதாட நாம் வரவில்லை. ஆனால் அச்சம் மட்டும் வழக்கிலே நிற்காது, அளவு வேண்டும் என்ற பாடத்தை மறக்கலாமா?

மூன்றாம் கேள்வி, எட்டினால் இழப்பு எவ்வளவு? தமிழகத்திலே பன்றி குறைவுதானே என்பார்கள். குறைவுதான், ஆனால் அந்தக் குறைவு யாருடையது? நிலமில்லாதவனுடையது. வங்கியிலே கடன் கிடைக்காதவனுடையது. பத்துப் பன்றி செத்தால் நாட்டுப் புள்ளிவிவரத்திலே ஒரு புள்ளிகூட அசையாது. ஆனால் அவன் வாழ்க்கையே சாய்ந்துவிடும்.

அவன் குடிசை வாசலிலே நடப்பதை எண்ணிப் பாருங்கள்.

"என்ன அண்ணே, பன்றி தின்னலையா?" என்கிறான் வியாபாரி.

"ரெண்டு நாளா மூஞ்சியைத் திருப்பிக்குது தம்பி. டாக்டரைக் கூப்பிடலாமான்னு பார்க்கிறேன்."

"கூப்பிட்டா மொத்தத்தையும் குழியிலே தள்ளிட்டுப் போவாங்க. பாதி விலைக்குக் குடுத்துடு. ராத்திரியே ஏத்திக்கிறேன்."

அவன் கொடுப்பானா, மாட்டானா? கொடுப்பான். நீங்களும் கொடுப்பீர்கள், நானும் கொடுப்பேன். அன்று இரவு அந்த வண்டி மாவட்ட எல்லை தாண்டும். விடிவதற்குள் மாநில எல்லையையும் தாண்டும். நோயை ஏற்றிச் சென்றது வண்டியா? இல்லை, வறுமை!

இது கற்பனை என்பவர்கள் மலேயாத் தமிழரைக் கேட்கட்டும். 1998இலே ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளிலே ஆட்கள் காய்ச்சலிலே விழுந்தார்கள். கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டிப் புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். நோய் அதுவல்ல, ஆகவே நிற்கவில்லை. பன்றிகள் தெற்கே விற்கப்பட்டன. நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு நோய் போயிற்று. அங்கிருந்த சுங்கை நிப்பா என்ற சிற்றூரின் பெயரே அந்தப் புதுக் கிருமிக்குப் பெயராயிற்று: நிபா. மலேசியாவிலே மாண்டோர் 105 பேர். எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்குச் சென்ற பன்றிகளால் 1999 மார்ச்சிலே இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர்; ஒருவர் மாண்டார். அழிக்கப்பட்ட பன்றிகள் 10 லட்சத்துக்கும் மேல். நிபா வேறு, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு. முன்னது மனிதனைக் கொல்லும், பின்னது தொடாது. ஆனால் இரண்டும் எல்லை தாண்டிய வழி ஒன்றே: தவறாகக் கணித்த அதிகாரமும், அவசரமாக விற்ற விற்பனையும்.

ஆகவேதான் சொல்கிறோம், இழப்பீடுதான் முதல் வேலி! 2020ஆம் ஆண்டிலே மத்திய அரசு வகுத்த செயல் திட்டப்படி, நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நோய் வட்டம். பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. அழிக்கப்படும் பன்றிக்கு இழப்பீட்டுச் செலவை மத்திய, மாநில அரசுகள் பாதிப்பாதி ஏற்பதாக ஏற்பாடு. நல்லது. ஆனால் அது அழிப்புக்கான இழப்பீடு. அரசு கொன்றால் காசு. நோய் கொன்றால் கைவிரிப்பு. முதல் பன்றி செத்த அன்றே ஓடி வந்து சொல்கிறானே, அந்த நேர்மையாளனுக்கு அந்த முதல் பன்றிக்கு என்ன தந்தீர்கள்? உண்மை சொன்னவனுக்கு நட்டம், ஒளித்தவனுக்கு லாபம் என்றால், எந்தச் சோதனைச் சாவடி நோயைத் தடுக்கும்?

முடியாத காரியமா இது? முடிந்த கதை ஒன்று நம்மிடமே இருக்கிறது. 1920இலே நம் துணைக்கண்டத்து மாடுகள் பிரேசிலுக்குப் போகும் வழியிலே பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலே இறங்கின. மாடுகளோடு வெக்கை நோயும் இறங்கிற்று. அந்த அதிர்ச்சியிலேதான் 1924இலே 28 நாடுகள் கூடிக் கால்நடை நோய்களுக்கான உலக அமைப்பையே நிறுவின. நோயை ஏற்றுமதி செய்த பழி நமக்கும் உண்டு! அதே வெக்கை நோயை ஊசி போட்டு, ஊர் ஊராகத் தேடி, இந்தியா ஒழித்தது. கடைசியாக அது தென்பட்டது 1995இலே, தமிழகத்திலே. 2011இலே உலகமே அதிலிருந்து விடுதலை பெற்றது. மாட்டுக்குச் செய்ய முடிந்ததைப் பன்றிக்குச் செய்ய முடியாதா? பன்றி வளர்ப்பவன் கீழே கிடக்கிறான் என்பதற்காக அவன் உடைமையும் கீழாகிவிடுமா?

நாம் கேட்பது பெரிதல்ல.

விமானத்திலும் கப்பலிலும் மிஞ்சும் உணவு, நிலைய எல்லைக்குள்ளேயே எரிக்கப்பட வேண்டும். வந்திறங்கும் இடத்திலே, இறைச்சிப் பொட்டலத்தைப் போட ஒரு தொட்டியும், ஏன் என்று சொல்லத் தமிழிலே ஒரு பலகையும் வேண்டும்.

எச்சில் தீனிக்குத் தடை என்று ஒரு வரி ஆணை பிறப்பித்துவிட்டு உறங்கக் கூடாது. மாநகராட்சியே பொதுக் கொதிகலன் வைத்து, வேகவைத்த தீனியாகக் கொடுக்கட்டும். பன்றி இறைச்சி சமைக்கும் ஓட்டல்களின் கழிவு தனியாகப் பிரிக்கப்படட்டும்.

காட்டிலே பன்றி செத்தால் வனத்துறையும் கால்நடைத் துறையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்காமல், அன்றே மாதிரி எடுத்து அன்றே புதைக்கட்டும். நோயை உறுதி செய்யும் வசதியும் அதிகாரமும் நம் அருகிலேயே வலுப்பெறட்டும். 1903இலே தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியிலே இருக்கும்போது, தீர்ப்புக்காக மாதிரி வடக்கே பயணம் போகும் காட்சி இன்னொரு முறை வேண்டாம்.

முதலிலே சொல்ல வருகிறவனுக்கு, செத்த பன்றிக்கும் சேர்த்து, நாட்கணக்கிலே இழப்பீடு கைக்கு வரட்டும். ஆண்டுக்கணக்கிலே வரும் இழப்பீடு கருமாதிக்குக்கூட உதவாது.

இடர் எவ்வளவு என்று வல்லுநர்கள் அளந்து எழுதுவதை, கோப்பிலே கட்டி வைக்காமல், பட்டிக்காரனும் படித்துணரும் தமிழிலே அச்சிட்டுக் கொடுக்கட்டும். அறிந்தவன் அஞ்ச மாட்டான். அறியாதவனைத்தான் வியாபாரி ஏமாற்றுவான்.

நாளை இரவு தியாகராய நகரிலே ஒரு கலியாணம் நடக்கும். பந்தி முடியும். பின்வாசலிலே டிரம் ஏறும். அதைத் தூக்கிச் செல்கிறவன் நம் மண்ணின் மகன். அவன் டிரம்மிலே நஞ்சு சேராமல் பார்ப்பது அவன் வேலை மட்டுமல்ல, நம் வேலை. விமான நிலையத்திலே உட்கார்ந்திருக்கும் டில்லியின் வேலை. கோட்டையிலே உட்கார்ந்திருப்பவர்களின் வேலை. நோய்க்கு எல்லை தெரியாது. பொறுப்புக்காவது எல்லை தெரியட்டும். தங்கள் எல்லை எது என்று ஆள்வோர் அறிந்து, அதைக் காக்கட்டும்!